ராஜாக்களும் சாமிகளும்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர்க் கோட்டைக்குள் கோயில் உண்டு, மசூதி உண்டு, தேவாலயமும் உண்டு. மூன்றும் ஒரே மதிலுக்குள் இருப்பதைப் பார்த்ததும் "அந்தக் காலத்தில் எவ்வளவு ஒற்றுமை!" என்று ஒருவர் சொல்வார். "எல்லாம் அரசியல் சார்" என்று பக்கத்திலிருப்பவர் சொல்வார். ஊருக்கு வருகிறவர்களைக் கோட்டைக்குக் கூட்டிப் போகும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். பழைய வடஆற்காடு மாவட்டம்தான் களம், தேவைப்பட்டால் வெளியே ஒரு எட்டு போய் வருவோம்.

கையில் படை இருக்கும்போது ராஜாவுக்குச் சாமி எதற்கு?

படைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே! ஒரு ஊரை அடித்துப் பிடிக்க ஒரு நாள் போதும், ஆனால் அந்த ஊர்க்காரன் வருஷா வருஷம் முணுமுணுக்காமல் விளைச்சலில் பங்கை அளந்து கொடுக்க வேண்டுமென்றால் 'இவன்தான் ராஜா, இவனுக்குக் கொடுப்பதுதான் முறை' என்று அவன் மனசில் பட வேண்டும், அதைக் கத்தியால் செய்ய முடியாது. ஊருக்கு ஏற்கெனவே யார்மேல் மரியாதையோ அவர் பக்கத்தில் போய் நின்றுகொள்வது சுலபமான வழி.

இதில் என் கணக்கு ஒன்று உண்டு. உரிமை கெட்டியாக இருக்கும் ராஜா சாமி பெயரை அளவாகத்தான் எடுக்கிறான். பிறப்பிலோ, போரிலோ, பங்காளிச் சண்டையிலோ உரிமை ஆட்டம் கண்டவன்தான் கல்லிலும் செம்பிலும் அதிகம் எழுதுகிறான். கீழே வருகிற ஒவ்வொருவரையும் 'இவருக்கு அப்போது என்ன பயம்?' என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.

நம்ம ஊர்ப் பக்கம் இதற்கு ஒரு நல்ல உதாரணம் சொல்ல முடியுமா?

மேல்பாடி. பொன்னை ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர், பேருந்தில் கடந்து போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் நான் சொல்ல வந்த விஷயம் முழுக்க இந்த ஒரே ஊரில் இருக்கிறது.

949இல் அரக்கோணத்துக்குப் பக்கத்துத் தக்கோலத்தில் பெரிய போர். சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே செத்துப்போனான், ஜெயித்தது ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்' என்று நம் கல்வெட்டுகளிலேயே தன்னைப் போட்டுக்கொண்டவன். சரி, ஜெயித்தாயிற்று, ஆனால் அவன் ஊர் தக்காணத்தில், பிடித்த மண் தொண்டை மண்டலத்தில். இங்கே அவனை யாருக்குத் தெரியும்?

பத்து வருஷம் கழித்து, 959இல், அவன் பாசறை மேல்பாடியில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு செப்பேடு கொடுக்கிறான். மகாராஷ்டிரத்தில் கர்ஹாட் பக்கத்து ஊர் ஒன்றை ககனசிவர் என்ற சைவத் துறவிக்குத் தானம் செய்கிற செப்பேடு அது. மேல்பாடியில் எதற்காகத் தங்கியிருக்கிறான் என்ற காரணமும் அதிலேயே இருக்கிறது: தெற்கே பிடித்த நாடுகளைத் தன் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்க, நாட்டுத் தலைவர்களின் செல்வத்தை எல்லாம் கைப்பற்ற, அப்புறம் காளப்பிரியன், கண்டமார்த்தாண்டன், கிருஷ்ணேசுவரன் என்ற பெயர்களில் கோயில் கட்ட. மூன்று வேலையும் ஒரே மூச்சில், ஒரே வாக்கியத்தில்! கண்டமார்த்தாண்டன் என்பது அவனுடைய பட்டப்பெயர், கிருஷ்ணேசுவரன் அவனுடைய சொந்தப் பெயர். இதை எழுதியவருக்குப் பங்கு பிரிப்பதும் கொள்ளையும் கோயிலும் வெவ்வேறு சமாச்சாரமாகவே படவில்லை. எனக்கு இந்தச் செப்பேட்டில் பிடித்ததே அந்த ஒளிவுமறைவு இல்லாத பேச்சுதான்.

கதை அங்கே முடியவில்லை. சோழர்கள் தொண்டை மண்டலத்தைத் திரும்பப் பிடித்த பிறகு, ஏறத்தாழ ஐம்பது வருஷம் கழித்து, முதலாம் ராஜராஜன் அதே மேல்பாடிக்கு வருகிறான். அவனுடைய பாட்டன் அரிஞ்சயன், கல்வெட்டில் 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்', அதாவது ஆற்றூரில் இறந்தவர், என்று வருகிறவன். அந்தப் பாட்டனுக்கு இங்கே பள்ளிப்படை எடுக்கிறான். பள்ளிப்படை என்றால் இறந்த ராஜாவின் நினைவாக எடுக்கும் சிவன் கோயில்; செத்துப்போன தாத்தா இனி லிங்கமாக இருந்து பூசை வாங்குவார். எதிரியின் பாசறை இருந்த ஊரில், எதிரி தன் பெயரைச் சாமிக்கு வைக்க நினைத்த காலத்தின் நினைவு போகும் முன், தன் பாட்டனையே சாமியாக உட்கார வைத்தாயிற்று. பட்டா மாற்றம் என்றால் இதுதான் பட்டா மாற்றம்.

பக்கத்து வள்ளிமலையிலும் இதே கதை, அதற்கு முந்தின நூற்றாண்டில். கங்க மன்னன் இராஜமல்லன் மலையைக் கைப்பற்றினான், கைப்பற்றியவன் சமணப் பள்ளி ஒன்றை அங்கே உண்டாக்கினான் என்று பாறையில் கன்னட எழுத்தில் வெட்டியிருக்கிறது.

பல்லவர்கள் பிரம்மாவிலிருந்து வந்தவர்கள் என்று செப்பேட்டில் இருக்கிறதாமே?

ஆமாம், வாணியம்பாடிப் பக்கம் உதயேந்திரத்தில் கிடைத்த செப்பேட்டிலேயே இருக்கிறது. விஷ்ணுவின் உந்தித் தாமரையில் பிரம்மா, அப்புறம் அங்கிரஸ், பிருகஸ்பதி, சம்யு, பரத்வாஜர், துரோணர், அசுவத்தாமன், அசுவத்தாமனுக்குப் பல்லவன். இந்த வரிசையைப் படித்துச் சிரிப்பதோடு விட்டுவிடக் கூடாது, யார் காலத்துச் செப்பேடு என்று பார்க்க வேண்டும்.

இரண்டாம் நந்திவர்மன் காலத்தது. இவன் நேர் வாரிசு இல்லை. அரியணைக்கு ஆளில்லாமல் போனபோது கிளை வம்சத்திலிருந்து, பன்னிரண்டு வயதுச் சிறுவனாகக் கூட்டிவந்து காஞ்சியில் உட்கார வைக்கப்பட்டவன். கடைசிவரை இவன் தலைக்குமேல் அந்தக் கேள்வி தொங்கிக்கொண்டே இருந்தது, ஒரு கட்டத்தில் எதிரிகள் கோட்டைக்குள் முற்றுகையிட்டு அடைத்தே விட்டார்கள், உதயசந்திரன் என்ற தளபதி வந்துதான் மீட்டான். அந்தத் தளபதி கேட்டுக்கொண்டதால் கொடுத்த தானம்தான் உதயேந்திரம் செப்பேடு. காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் பரம்பரை முழுவதையும் சிற்பமாக வரிசையாகச் செதுக்க வைத்ததும் இதே ஆள்தான், அந்த வரிசையில் இவனுடைய பட்டாபிஷேகமும் வருகிறது. அப்பா பெயர் போதாத இடத்தில் பிரம்மா பெயர் வருகிறது.

மகேந்திரவர்மன் சமணத்திலிருந்து சைவத்துக்கு மாறியது பக்தியா, அரசியலா?

அப்பர் சுவாமிகளைச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டும் விஷம் கொடுத்தும் பார்த்து, கடைசியில் தானே மாறினான், பாடலிபுத்திரத்து (பீகாரில் இருப்பது இல்லை, நம் கடலூர்ப் பக்கம்) சமணப் பள்ளியை இடித்துத் திருவதிகையில் குணபரஈச்சரம் எடுத்தான் என்கிறது பெரியபுராணம். ஆனால் பெரியபுராணம் சேக்கிழார் எழுதியது, மகேந்திரனுக்கும் அவருக்கும் நடுவில் சுமார் ஐந்நூறு வருஷம். மனசுக்குள் என்ன நடந்தது என்று எப்படிச் சொல்வது?

செய்தது தெரியும். நெமிலிப் பக்கம் மகேந்திரவாடி என்று ஒரு ஊர். ஒரே பாறையைக் குடைந்து அங்கே அவன் எடுத்தது விஷ்ணுவுக்கு. ஊர் மகேந்திரபுரம், ஏரி மகேந்திர தடாகம், கோயில் மகேந்திர விஷ்ணுகிருகம்: மூன்றுக்கும் ஒரே ஆள் பெயர். மண்டகப்பட்டில் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் சேர்த்து ஒன்று. சீயமங்கலத்தில் சிவனுக்கு. சைவனாக மாறியவன் என்று நாம் சொல்கிற ஆள் எந்தச் சாமியையும் விடவில்லை. மகேந்திரவாடியில் நான் முதலில் பார்க்கச் சொல்வது ஏரியைத்தான். ஏரி இருந்தால் சாகுபடி, சாகுபடி இருந்தால் வரி, ஏரிக்கரையில் ராஜா பெயரில் கோயில் இருந்தால் தண்ணீர் யார் கொடுத்தது என்று பேரப்பிள்ளைக்கும் தெரியும்.

அப்போ கோயிலுக்கு எழுதி வைத்த நிலம், ஆடு, பொன் எல்லாம் வேஷமா?

வேஷம் என்று யார் சொன்னது? ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரியத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடு கொடுப்பார்கள், இடையர் அதை வாங்கிக்கொண்டு தினமும் நெய் அளக்க வேண்டும். பொன் கொடுத்தால் ஊர்ச் சபை வாங்கி வட்டி கட்டும், அந்த வட்டியில் பூசை நடக்கும். ஒரு தானம் எத்தனை பேரைக் கணக்கில் கட்டிப்போடுகிறது பாருங்கள்: இடையர், சபையார், அர்ச்சகர், மேளக்காரர், கணக்குப்பிள்ளை. இத்தனை பேருடைய பிழைப்பும் அந்தத் தானம் செல்லுபடியாவதில் இருக்கிறது, தானம் செல்லுபடியாக வேண்டுமென்றால் கொடுத்த ராஜாவும் செல்லுபடியாக வேண்டும். ராஜா உண்மையாகவே பக்தனாக இருந்தாலும் இந்தக் கயிறு இறுகத்தான் செய்யும்.

கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலைக் கட்டினது யார்? அவருக்கு என்ன பயம்?

கோட்டையும் கோயிலும் 16ஆம் நூற்றாண்டு, விஜயநகரத்துக்குக் கீழே இருந்த சின்ன பொம்மு நாயக்கர் காலம். கல்யாண மண்டபத்துத் தூண்களில் யாளியும் குதிரை வீரனும் பாய்கிற வேலைப்பாட்டைப் பார்த்துவிட்டு 'பெரிய சக்கரவர்த்தி போல' என்று நினைப்பார்கள். சக்கரவர்த்தி இல்லை, ஒரு பாளையத் தலைவர். 1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் நொறுங்கிய பிறகு மேலே இருந்த பேரரசர் பலம் குறைந்தார், செஞ்சி, தஞ்சை, மதுரை நாயக்கர்கள் தனித்தனியாகத் தலை தூக்கினார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் வேலூர் சின்ன இடம்.

சின்ன பொம்மு நாயக்கர் செய்த புத்திசாலித்தனமான காரியம் என்று நான் நினைப்பது கோட்டையைக்கூட இல்லை, அப்பய்ய தீட்சிதரைப் பிடித்துக்கொண்டதுதான். ஆரணிப் பக்கத்து அடையபலத்துக்காரர், அன்றைக்குச் சைவ அத்வைதத்தில் இவருக்கு மேல் ஆள் இல்லை. பிரம்மசூத்திரத்துக்குச் சைவ நோக்கில் எழுந்த ஸ்ரீகண்ட பாஷ்யத்துக்கு சிவார்க்கமணிதீபிகை என்ற உரையை எழுதியதற்காக நாயக்கர் அவருக்குக் கனகாபிஷேகம் செய்தார், தங்கத்தாலேயே குளிப்பாட்டினார், அந்த நூலை ஐந்நூறு வித்துவான்களுக்குப் பாடம் சொல்ல ஏற்பாடும் செய்தார். அடையபலம் காளகண்டேசுவரர் கோயிலில் 1582ஆம் வருஷத்துக் கல்வெட்டு இதைச் சொல்கிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தங்கத்தை மதிலில் போட்டிருந்தால் இன்னும் நாலு முழம் உயர்ந்திருக்கும். ஐந்நூறு வித்துவான்கள் பாடம் கேட்டுவிட்டு ஐந்நூறு ஊருக்குப் போவார்கள், போகிற இடமெல்லாம் 'வேலூரில் ஒரு ராஜா...' என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். தஞ்சாவூர்க்காரன் காதில் அது விழ வேண்டும். விழுந்தது. நானூறு வருஷம் தாண்டி நாமே பேசிக்கொண்டிருக்கிறோமே! இதனால் தீட்சிதர் யாருடைய கைப்பாவையும் ஆகிவிடவில்லை. இருவருக்கும் இருவர் தேவைப்பட்டார்கள், அவ்வளவுதான்.

சைவ வைணவச் சண்டைக்கும் அரசியலுக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. விஜயநகர மன்னர்கள் நெடுங்காலம் சாசனத்தில் தங்கள் பெயரைப் போடாமல் 'ஸ்ரீ விரூபாட்ச' என்று ஹம்பிச் சாமி பெயரில் கையெழுத்துப் போட்டார்கள். நாட்டை ஆள்வது சாமி, நான் அவருடைய ஆள் என்ற பாவனை. ஹம்பி கைவிட்டுப் போய், விஜயநகரத்தின் கடைசி வம்சமான அரவீட்டு வம்சம் தெற்கே நகர்ந்து, பெனுகொண்டா, சந்திரகிரி, அப்புறம் வேலூர் என்று தலைநகரம் மாறியபோது இரண்டாம் வேங்கடபதி ராயர் கையெழுத்து 'ஸ்ரீ வேங்கடேச' ஆகிவிட்டது. தலைநகரத்துக்குப் பக்கத்தில் திருப்பதி. தாத்தாசாரியார் வம்சத்து லட்சுமிகுமார தாத்தாசாரியார் ராஜகுரு, காஞ்சிக் கோயில் நிர்வாகம் அவர் கையில். இதே வேங்கடபதிதான் சின்ன பொம்முவின் மகன் லிங்கம நாயக்கரிடமிருந்து வேலூரைப் பறித்துக்கொண்டவர். சைவக் கோட்டைக்குள் வைணவ அரசவை. அதே அரசவையில் ஏசு சபைப் பாதிரியார்களுக்கும் வரவேற்பு இருந்தது, கடற்கரையில் போர்ச்சுக்கீசியர் தயவு வேண்டுமே.

சிவாஜி?

வேலூர்க் கோட்டையை ஒரு வருஷத்துக்கு மேல் முற்றுகை போட்டு 1678இல் மராட்டியப் படை பிடித்தது, பீஜப்பூர் ஆட்களிடமிருந்து. அதற்கு நாலு வருஷம் முன்பு, 1674 ஜூனில், ராய்காட்டில் பட்டாபிஷேகம். அதுவரை ஜெயித்த கோட்டை எல்லாம் இருந்தும், க்ஷத்திரியன் இல்லை, முடி சூட முடியாது என்று உள்ளூர் வைதிகர்கள் இழுத்தடிக்க, காசியோடு தொடர்புள்ள காகா பட்டர் வந்து, வம்சாவளி காட்டி, பூணூல் போட்டு, அப்புறம்தான் முடி. அந்த வருஷமே செப்டம்பரில் தாந்திரிக முறையில் இன்னொரு பட்டாபிஷேகமும் நடந்தது. வாளால் ஜெயித்தவருக்கும் மந்திரம் சொல்ல ஆள் வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான கதை கிடைக்காது.

ஆற்காட்டு நவாபுகள் மட்டும் யோக்கியமா?

யாரும் விதிவிலக்கு இல்லை. 1749இல் ஆம்பூர்ப் போரில் அன்வருதீன் கொல்லப்பட்டார். அவர் மகன் முகமது அலிக்கும் சந்தா சாகிபுக்கும் யார் நவாப் என்று சண்டை, ஒருவருக்குப் பின்னால் ஆங்கிலேயர், இன்னொருவருக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர். முகமது அலி ஜெயித்தார், ஆனால் கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) துப்பாக்கி நிழலில் நின்று ஜெயித்தவர் என்பது ஊருக்கே தெரியும், கடனும் கழுத்துவரை. அவருடைய பதில்? 1765இல் டில்லி பாதுஷாவிடமிருந்து 'வாலாஜா' பட்டம், மெக்கா மதீனாவுக்குக் காணிக்கைகள், லக்னோவின் பிரங்கி மஹால் பரம்பரை அறிஞர் பஹ்ருல் உலூம் அவர்களைச் சென்னைக்கு அழைத்து மதரசா, திருவல்லிக்கேணியில் பெரிய மசூதி. சின்ன பொம்மு நாயக்கர் அப்பய்ய தீட்சிதருக்குச் செய்ததையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சாமி பெயரைத் தவிர என்ன வித்தியாசம்?

திப்பு சுல்தான் மதவெறியரா, நல்லிணக்கவாதியா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பதிலை முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். ஆற்காட்டுத் திப்பு அவுலியா தர்காவில் வேண்டிப் பிறந்ததால் அந்தப் பெயர் என்பார்கள். 1791இல் மராட்டியப் படை சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது மடத்தைச் சீர்செய்யப் பணமும் மரியாதையான கடிதங்களும் அனுப்பியவர் அவர்தான், குடகிலும் மலபாரிலும் எதிர்த்தவர்களைக் கட்டாய மதமாற்றம் செய்தவரும் அவர்தான். சிருங்கேரி அவர் நாட்டுக்குள், விசுவாசமான மடம். குடகும் மலபாரும் கலகம் செய்த இடம். இரண்டையும் ஒரே ஆள் செய்ததில் எனக்குக் குழப்பம் இல்லை.

வெள்ளைக்காரன் மதத்தில் தலையிடாமல் ஆண்டான் என்கிறார்களே?

தலையிட்டு, கையைச் சுட்டுக்கொண்டு, அப்புறம் வேறு வழியில் தலையிட்டான்.

1805 கடைசியில் சென்னை ராணுவத்துக்குப் புது ஒழுங்குமுறை வந்தது. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் நாமம், விபூதி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, மீசை ஒரே அளவில் இருக்க வேண்டும். கூடவே தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை. தோல் என்றால் எந்த மிருகத்தின் தோல்? இந்துவும் முஸ்லிமும் ஒரே நேரத்தில் கொதித்தார்கள், ஆளுகிறவனுக்கு அது ஒரு சாதனைதான். மறுத்தவர்களுக்குச் சவுக்கடி. 1806 ஜூலை 9இல் கோட்டைக்குள் இருந்த திப்புவின் குடும்பத்தில் கல்யாணம், மறுநாள் 10ஆம் தேதி விடிவதற்கு முன் துப்பாக்கி வெடித்தது. கர்னல் பேன்கோர்ட் கொல்லப்பட்டார், நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர் செத்தார்கள், திப்புவின் புலிக்கொடி கோட்டையில் ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சில மணி நேரத்தில் அடக்கினார், நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். தலைப்பாகை உத்தரவு ரத்து, கவர்னர் பெண்டிங்க், தளபதி கிராடக் இருவரையும் லண்டன் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது, மதத்தை இங்கே பிடித்து இழுத்தவர்கள் கீழே இருந்தவர்கள். சம்பளக் குறை, வெள்ளை அதிகாரிகளின் திமிர், திப்பு குடும்பத்தின் ஆசை எல்லாம் இருந்தது, ஆனால் அத்தனை பேரையும் ஒரே ராத்திரியில் சேர்த்தது நெற்றியும் தலைப்பாகையும்தான்.

பாடம் கற்ற கும்பினி என்ன செய்தது? 1817இல் ஒரு ஒழுங்குமுறைச் சட்டம் போட்டு, கோயில், மசூதிச் சொத்துகளின் மேற்பார்வையை வருவாய் வாரியத்துக்குக் கொடுத்தது. கலெக்டர் துரை தேர்த் திருவிழாவுக்கு ஏற்பாடு பார்த்தார். பழைய ராஜா செய்த வேலையை அப்படியே. இங்கிலாந்தில் பாதிரியார்கள் 'கிறிஸ்தவ அரசு சிலைக்குச் சேவை செய்வதா?' என்று கத்த, 1838இல் சென்னைத் தளபதி மெயிட்லண்ட் இதற்காகவே பதவியை விட்டார். பிறகு மெல்ல மெல்லக் கையை எடுத்துக்கொண்டு, 1863 சட்டத்தில் உள்ளூர்க் குழுக்களிடம் ஒப்படைத்தது. 1920களில் நீதிக்கட்சி அரசு சட்டம் கொண்டுவந்து திரும்பவும் அரசின் கை உள்ளே வந்த கதை எல்லோருக்கும் தெரிந்தது.

வெளிநாட்டில் எப்படி?

வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரோமில் கான்ஸ்டன்டைன் 312இல் போட்டியாளனை ஜெயித்தது கிறிஸ்துவின் அடையாளத்தால் என்று சொல்லிக்கொண்டார், 325இல் நைசியாவில் பிஷப்புகளின் சபையை ராஜாவே கூட்டினார். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றிக்குப் போப் விவாகரத்து தரவில்லை, 1534இல் திருச்சபைக்குத் தானே தலைவர் என்று சட்டம் போட்டார், அடுத்த சில வருஷங்களில் மடங்களின் சொத்து கஜானாவுக்கு வந்தது. வெளிநாடு இல்லை என்றாலும் எனக்கு ரொம்பப் பிடித்தது திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மா: எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற உள்ளூர்ப் பிரபுக்களையும் அக்கம்பக்கத்து ராஜாக்களையும் ஒழித்துக்கட்டி நாட்டைப் பெருக்கிவிட்டு, 1750 ஜனவரியில் மொத்த நாட்டையும் பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்து 'பத்மநாப தாசன்' ஆகிவிட்டார். இனி ராஜாவை எதிர்ப்பவன் சாமியை எதிர்ப்பவன்.

அப்போ உண்மையான பக்தியோடு ஒரு ராஜாவும் இருந்ததில்லையா?

இருந்திருப்பார்கள். போளூர்ப் பக்கத்துத் திருமலையில் சைவச் சோழர் வீட்டுக் குந்தவை பெயரில் சமணக் கோயில் இருக்கிறது, குந்தவை ஜினாலயம். அதில் அரசியல் லாபம் எவ்வளவு, மனசு எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை, பிரிக்க வேண்டிய அவசியமும் தெரியவில்லை. அதே மலையில்தான் ராஜேந்திரன் கங்கைவரை ஜெயித்த பட்டியலும் வெட்டப்பட்டிருக்கிறது.

ஜலகண்டேஸ்வரர் கோயிலில் ரொம்ப நாள் சாமியே இல்லாமல் இருந்ததாமே?

ஆமாம். கோட்டை கை மாறிக் கை மாறிப் போனதில் பூசை நின்றுபோனது, கோயில் ஆயுதக் கிடங்காகக்கூட இருந்தது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981 மார்ச்சில் கொண்டுவந்து வைத்த பிறகுதான் மறுபடி வழிபாடு. தொல்லியல் துறைக் காவலில் இருக்கும் இடம் என்பதால் அது அப்போது பெரிய விவகாரம். மசூதியில் தொழுகைக்கு அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையும் அவ்வப்போது எழுகிறது.

இப்போதைய அரசியல்வாதிகளைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே?

கும்பாபிஷேகத்துக்கும் இஃப்தாருக்கும் கிறிஸ்துமஸ் விழாவுக்கும் யார் யார் எந்த மாதத்தில் வருகிறார்கள், தேர்தல் தேதி எப்போது என்று இரண்டையும் ஒரே காலண்டரில் குறித்துப் பாருங்கள். நான் சொன்னால் வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

இதையெல்லாம் நேரில் பார்க்க வேண்டும், எங்கே ஆரம்பிப்பது?

கோட்டைக்கு அரை நாள், வெளியே வந்து மக்கான் சந்திப்பில் 1806 நினைவுத் தூணையும் பார்த்துவிடலாம். இன்னொரு நாள் காட்பாடி, திருவலம் வழியாக மேல்பாடி. சோமநாதர் கோயில் பெரியது, அதனால் எல்லோரும் அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அரிஞ்சயனின் பள்ளிப்படையான சோழீச்சுரம் பக்கத்திலேயே, சின்னதாக இருக்கிறது, கேட்டால் காட்டுவார்கள். வள்ளிமலையையும் அதே நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் மலை ஏற வேண்டும் என்பதால் அதை முதலில் முடித்துவிட்டு மேல்பாடிக்கு இறங்குங்கள். சித்திரை, வைகாசியில் வேண்டாம், நம்ம ஊர் வெயில் தெரியும்தானே.